காகிதமும் கரையானும் – 14: மெழுகு உருக்கி வாங்கிய மண்

ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போகிறவர்கள் அருங்காட்சியகத்தைச் சுற்றிவருவார்கள், தோட்டத்துச் சிற்பங்களின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், கிளம்பிவிடுவார்கள். அந்த மண்ணை வாங்கக் காசு கொடுத்தது அந்த ஓவியங்களோ சிற்பங்களோ இல்லை. பாத்திக் துணி.

கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த காலம் அது. 1850இல் தொடங்கிய கல்லூரி. அங்கே படித்து முடித்து வெளியே வரும் பிள்ளைகளுக்குப் பிழைக்க வழி கிடையாது. நவீன ஓவியம் வாங்க அன்றைய மெட்ராசில் ஆள் இல்லை. சிலர் நெசவாளர் சேவை மையத்துக்குப் போனார்கள்; பலர் தூரிகையையே கீழே வைத்துவிட்டார்கள். அது பணிக்கரை அரித்துக்கொண்டிருந்தது. கையில் திறமை இருக்கிறதே, அதைக் கொண்டே சோறு சம்பாதித்து, மிச்ச நேரத்தில் விட்டுக்கொடுக்காமல் ஓவியம் வரைந்தால் என்ன என்று கேட்டார். மாணவர்கள் பாத்திக் போட்டார்கள், தோலில் வேலை செய்தார்கள், கண்காட்சி வைத்து விற்றார்கள். ஓவியர் கைவினைச் சங்கம் பிறந்தது. சேர்ந்த பணத்தில் 1966இல் கடலோரத்தில் சில ஏக்கர் மணல்காடு வாங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து எடுத்த முடிவு. அரசு தந்த நிலமும் இல்லை, புரவலர் கட்டிக்கொடுத்த மண்டபமும் இல்லை.

சுல்தான் அலி, நந்தகோபால், சேனாதிபதி, பி.எஸ். நந்தன், வாசுதேவ், ராமானுஜம் என்று அங்கே வாழ்ந்தவர்களின் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் ஆவணம் ஓரளவு இருக்கிறது. முற்போக்கு ஓவியர் சங்கத்தின் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழ் 1961இலிருந்து வந்தது. கிராமத்தைப் பற்றி ஜோசப் ஜேம்ஸ் தொகுத்த நூல் 2004இல் வெளியானது. சென்னை இயக்கம் என்று அழைக்கப்படும் இந்த ஓவியப் போக்குக்கென்றே அருங்காட்சியகம் 2009இல் கிராமத்துக்குள்ளேயே திறந்தது. கலைஞர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டது சாதாரண விஷயமில்லை. ஓவியத்துக்கு எப்படியும் ஓர் இடம் கிடைத்துவிடும். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, விலை இருக்கிறது.

துணிக்கு என்ன இருக்கிறது?

பாத்திக் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் என் கவலை புரியும். தேன்மெழுகையும் பாரஃபினையும் சேர்த்து உருக்கி, நிறம் பிடிக்க வேண்டாத இடங்களில் சூடாகப் பூச வேண்டும். பிறகு சாயத்தில் முக்க வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி மெழுகு, மறுபடி முக்கல். துணியைக் கசக்கும்போது மெழுகு வெடிக்கும், வெடிப்பு வழியே சாயம் நரம்பு நரம்பாக இறங்கும். அந்தக் கீறல்கள் ஒரு துணியில் இருப்பதுபோல் இன்னொன்றில் இருக்காது. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். அடுப்பு, புகை, சாயம் ஏறிய நகக்கண், முதுகுவலி: இத்தனைக்கும் பிறகு அது விற்றுப்போகும். ஜன்னல் திரையாகும், மெத்தை விரிப்பாகும், சுவரில் தொங்கும். நன்றாக உழைத்த துணி கிழியும். கிழிந்தால் கைப்பிடித் துணி.

கிராமத்தின் அஸ்திவாரமே இப்படிக் கரைந்துபோகும் பொருளில் நிற்கிறது. ஓவியம் கலை, பாத்திக் வயிற்றுப்பாடு என்று நாம் தரம் பிரித்ததால்தான் ஒன்று சுவரேறியது, மற்றொன்று சமையலறைக்குப் போனது. அந்தக் கலைஞர்களுக்கே இப்படியொரு கோடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1963 முதல் பணிக்கர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, படிக்க முடியாத எழுத்து. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஓலையையும் நோட்டையும் ஓவியமாகப் பார்த்த கண் அது. கலையையும் புழங்குபொருளையும் அவர் தனித்தனியாக அடுக்கி வைக்கவில்லை. ஆவணம் சேர்க்கும் நாமும் அப்படி அடுக்கக் கூடாது.

ஆகவே இந்த மாதிரி இடத்தின் வரலாற்றைச் சேகரிக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது கண்காட்சிக் கையேட்டை அல்ல, கணக்கு நோட்டை. மெழுகு எத்தனை கிலோ, காடாத் துணி எத்தனை மீட்டர், யாருக்கு எவ்வளவு கூலி. அப்படியொரு நோட்டு எங்காவது பரணில் இருந்தால், தூசி தட்டுகிறேன் என்று தாள்களைக் கலைத்துவிடாதீர்கள். இருந்த வரிசையே ஒரு தகவல். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றுங்கள். ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடுங்கள், அது இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். லாமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்புக்காற்று ஊரில் ராமபாணப் பூச்சியும் கரையானும் வேலையை ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

அடுத்தது வாய்மொழி. இதற்குத்தான் அவகாசம் குறைவு. பணிக்கர் 1977இலும், அருங்காட்சியகத்துக்குப் பாடுபட்ட அவர் மகன் நந்தகோபால் 2017இலும் மறைந்தார்கள். எஞ்சியிருக்கும் பெரியவர்களிடம் போய் “ஐயா, உங்கள் கலைக் கொள்கை என்ன?” என்று கேட்டால் அச்சில் வந்ததையே சொல்வார்கள். “அடுப்பு எங்கே இருந்தது? மெழுகு யார் உருக்கினார்கள்? கரண்ட் வருவதற்கு முன் ராத்திரி எப்படி வேலை நடந்தது?” என்று கேளுங்கள். அவர்கள் வீட்டு அம்மாக்களிடமும் கேளுங்கள். ஓவியர் அர்ணவாஸ் போன்ற சில பெண்களின் பெயர்தான் புத்தகத்தில் வருகிறது. சாயத்தொட்டியின் பக்கத்தில் நின்ற மற்றப் பெண்கள் யார் என்பதை அந்த அம்மாக்களால்தான் சொல்ல முடியும். பழைய புகைப்படத்தை அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொல்லும் பெயரைப் பின்பக்கம் மென்மையான பென்சிலில் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒரு வேலை. 60களிலும் 70களிலும் மெட்ராசில் குடித்தனம் நடத்திய வீடா உங்களுடையது? பீரோவின் அடித்தட்டில் கீறல் கீறலாகச் சாயம் இறங்கிய துணி ஒன்று மடித்துக் கிடக்கலாம். துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். வெளிச்சமான இடத்தில் விரித்து முன்னும் பின்னும் படம் எடுங்கள். யார் வாங்கினார்கள், எங்கே, எந்த வருஷம் என்று பாட்டியிடம் கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதி, துணியோடு சேர்த்துப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். பழைய மடிப்பிலேயே மறுபடி மடிக்க வேண்டாம். அங்கேதான் நூல் முதலில் விட்டுப்போகும்.

(தொடரும்)