கம்பத்திலிருந்து விழுந்தால் கம்பத்திலிருந்து விழுந்தேன் என்றே சொல்லுங்கள்

போல் டான்ஸ் வகுப்பில் தலைகீழாகத் தொங்கும்போது கை வழுக்கி விழுந்த பெண்கள், ஆஸ்பத்திரியில் போய் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்கிறார்கள். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் பக்கம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது, குவார்ட்டர்ஸில் நாலு பேர் பேசக்கூடாது, ஊரில் அத்தை காதுக்குப் போய்விடக்கூடாது. டாக்டரும் கேட்டதை அப்படியே சீட்டில் எழுதிவிடுகிறார். மாதங்கள் போகின்றன. மணிக்கட்டு நேராகவில்லை, பிசியோதெரபிக்குப் பணம் கரைகிறது. ஸ்டூடியோவிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்று கிளம்பினால், கையில் இருக்கும் முதல் ஆதாரமே எதிராளிக்குச் சாட்சியாகிவிடுகிறது.

வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. விழுப்புரத்தில் பள்ளிப் பிள்ளைகள் மல்லர் கம்பத்தில் தலைகீழாக நிற்பதைக் கைதட்டிப் பார்க்கிறோம். கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியிலேயே அது இருக்கிறது. எஃகுக் கம்பம் என்றதும் மட்டும் முகம் சுளிப்பானேன்? ஆனால் ஒன்று: மரக்கம்பத்தில் பழகியவர்கள் எஃகுக் கம்பத்தைச் சாதாரணமாக நினைத்து ஏறக்கூடாது. மல்லர் கம்பத்தில் உராய்வைக் குறைக்க விளக்கெண்ணெய் பூசுவார்கள். எஃகுக் கம்பத்திலோ எண்ணெய்ப் பசை இருந்தால் ஆபத்து. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த கை, மாய்ஸ்சரைசர் பூசிய கை, ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் வியர்த்த கை, மூன்றும் வழுக்கும். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். உங்கள் முறை வருமுன் கம்பத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இனி பிடிக்கு வருவோம். தலைகீழாகப் போக முதலில் பழக வேண்டியது, கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கட்டைவிரல் கம்பத்தைச் சுற்றி வந்து பூட்டும் சாதாரணப் பிடிதான். இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பார்க்கும் ஹேண்ட்ஸ்பிரிங் நிலைகளுக்கு அதற்கடுத்த பிடிகள் வேண்டும். ட்ரூ கிரிப்பில் மேல்கையின் கட்டைவிரல் மேலே பார்க்கும், கீழ்க்கை கம்பத்தைத் தள்ளிக் கொடுக்கும். கப் கிரிப்பில் கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கும். பூட்டு இல்லாததால் உள்ளங்கை ஈரமாக இருந்தால் இது கைவிட்டுவிடும். ட்விஸ்டட் கிரிப்பில் மேல்கையை உட்பக்கமாகத் திருகி, கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி பிடிப்பார்கள். சுழற்சி வேகத்தோடு மேலே போக இது சுலபமாகத் தோன்றும். அதனாலேயே புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள், சில பயிற்சியாளர்களும் வீடியோ நன்றாக வரவேண்டுமே என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். திருகிய தோளில் உடம்பின் எடை மொத்தமும் இறங்கும் பிடி அது. தோளுக்குப் பலம் வருமுன் அதைத் தொடாதீர்கள்.

பலம் வந்துவிட்டதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். கால் தரையில் படாமல், தோள் காதுப் பக்கம் ஏறாமல் கீழே இழுத்துவைத்தபடி தொங்க முடிகிறதா? துள்ளி உதைக்காமல் முழங்காலை மார்புக்குக் கொண்டுவர முடிகிறதா? போன அதே நிதானத்தோடு இறங்க முடிகிறதா? மூன்றாவதில்தான் பலரும் தோற்கிறார்கள். ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாதவர்தான் விழுகிறார். இரண்டு பக்கமும் பழகுங்கள். முழங்கையின் உட்பக்கம் வலித்தாலோ விரல் மரத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ வேண்டாம். 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பம்தான் பரவலாகப் புழங்குகிறது. சின்னக் கை உள்ளவர்கள் 50 மில்லிமீட்டரில் திணறினால் குறை கையில் இல்லை.

பணம் கட்டுமுன் அண்ணாந்து பாருங்கள். கம்பம் கான்கிரீட் கூரையில் பிடித்திருக்கிறதா, ஃபால்ஸ் சீலிங்கை முட்டுக்கொடுத்து நிற்கிறதா? கீழே தடிமனான மெத்தை இருக்கிறதா? தலைகீழ் அசைவின்போது பயிற்சியாளர் பக்கத்தில் நின்று தாங்குகிறாரா, மியூசிக் மாற்றப் போய்விடுகிறாரா? இந்த வேலைக்கு அரசு உரிமம் என்று ஒன்றும் கிடையாது, ஆறு மாதம் ஆடியவரும் குருவாகிவிடலாம். அரசு கண்டுகொள்ளாததால் பார்க்க வேண்டிய பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் விழுகிறது. ரசீது வாங்குங்கள். பயிற்சியாளரின் சொந்த யுபிஐ கணக்குக்கு அனுப்பிவிட்டு ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ரசீது தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

விழுந்துவிட்டால்? தலையோ கழுத்தோ அடிபட்டிருந்தால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். 112 அல்லது 102க்கு அழையுங்கள். இந்த வட்டாரத்துக்கு எய்ம்ஸின் ஜெய்பிரகாஷ் நாராயண் டிராமா சென்டர் அருகிலேயே இருக்கிறது. சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனி மையம் உண்டு, தோள், முழங்கால் தசைநார்க் காயங்களுக்கு அங்கே போகலாம். எந்த ஆஸ்பத்திரியும் போலீஸ் வரட்டும் என்று அவசர சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: எந்த ஸ்டூடியோ, எத்தனை மணிக்கு, எந்த உயரத்திலிருந்து. சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். எம்எல்சி (மருத்துவ-சட்ட வழக்கு) பதிந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே ஸ்டூடியோவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், இன்ன தேதி இன்ன நேரத்து சிசிடிவி பதிவை அழிக்காமல் வைத்திருங்கள் என்று. நாள் கடந்தால் பதிவின் மேல் பதிவு ஏறிவிடும். மெத்தையையும் கம்பத்தின் மேல்முனையையும் தோழி யாராவது படமெடுக்கட்டும்.

‘விழுந்தால் நாங்கள் பொறுப்பல்ல’ என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதைக் காட்டி மிரட்டுவார்கள், அதற்குப் பயந்தே பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கையெழுத்துப் போட்டதால் மட்டும் வழக்குப் போடும் உரிமை போகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, நீதிமன்றத்துக்கே போகக்கூடாது என்று கட்டிப்போடும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர் போட்ட கையெழுத்தோ ஒப்பந்தமே ஆகாது.

முதலில் 1915க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் ஸ்டூடியோவிடம் பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்: ஆணையத்தின் வரம்பு நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, ஸ்டூடியோவுக்குக் கட்டிய பணத்தை வைத்துத்தான். அது 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால், அப்பாவுக்கு மாற்றலாகிக் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டாலும் கவலையில்லை. ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, மருந்து பில், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், கையெழுத்திட்ட படிவத்தின் நகல், எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி இணையுங்கள். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அலட்சியத்தால் எலும்பு முறிந்திருந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவில் குற்றமும்கூட. ஸ்டேஷனில் எழுத மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், புகாரைத் தபாலில் டிசிபிக்கு அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தாங்குகிறேன் என்ற பெயரில் தேவையில்லாத இடத்தில் கை வைப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கே தொடுவேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல் பயிற்சியாளர் தொடக்கூடாது. 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பயிற்சி நடக்கும் விளையாட்டு நிலையங்களையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. புகார் கொடுக்கும் பெண் அங்கே சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டியதில்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் ஸ்டூடியோ என்றால், புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். எழுத்தில் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் கொடுங்கள்.