கையில் ‘கியூ’ நின்றால் 20 புள்ளி அம்பேல்!

ஆங்கில எழுத்துக்களை அடுக்கி வார்த்தை கட்டும் ‘ஸ்கிராபிள்’ ஆட்டத்தில், ஆட்டக்காரர்களைக் கதிகலங்க வைக்கும் ஆசாமி ‘கியூ’.

1930-களில் இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஆல்பிரட் பட்ஸ். நியூயார்க்கில் வேலை பறிபோன ஆர்க்கிடெக்ட். பத்திரிகைகளை விரித்து வைத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்குப்படிதான் சில்லுகள். மொத்தம் 100. ‘ஈ’ 12, தலா 1 புள்ளி. ‘கியூ’ ஒன்றே ஒன்று, 10 புள்ளி.

பத்து கிடைச்சா லாபம்தானே என்கிறீர்களா? அங்கேதான் வம்பு! ‘யு’ என்ற கூட்டாளி இல்லாமல் பெரும்பாலும் ‘கியூ’ நகராது. ‘யு’ சில்லு நாலே நாலுதான். இருவர் ஆட்டத்தில் எதிராளி முதலில் முடித்து விட்டால், கையில் நிற்கும் ‘கியூ’வுக்காக உங்கள் கணக்கில் 10 வெட்டு. அந்தப் பத்தும் எதிராளிக்கு! ஆக, 20 புள்ளி வித்தியாசம்.

தப்பிக்க வழி

பழகிய கைகள் ‘யு’ இல்லாத ‘கியூ’ வார்த்தைகளை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

‘கியூ-ஐ’: சீனத்திலிருந்து வந்தது. உயிர்ச்சக்தி என்று அர்த்தம். 2006-ல் அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் ஏறியது. 11 புள்ளி.

‘கியூ-ஏ-டி’: ஏமன் நாட்டில் மெல்லும் இலை. 12 புள்ளி.

நமக்குத் தெரிந்தவரும் இருக்கிறார். பக்கிரி! ‘எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர்’ என்று வைத்தால் செல்லும். 17 புள்ளி.

‘யு’ வரும் வரும் என்று காத்துக் கிடப்பவர்தான் கடைசியில் மாட்டிக் கொள்கிறார். இந்த மூன்றையும் மனசில் எழுதி வையுங்க சார்!