கடக்வாஸ்லா ஏரி: குடிநீரும் பொழுதுபோக்கும்

புனே நகரின் வடகிழக்கே ஏரவாடாவை ஒட்டி ஓடுவது முளா-முட்டா ஆறு. இங்கு 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற அணைக்கட்டு ஆற்றின் நீரைத் தேக்கிப் படகு செலுத்த ஏற்ற நீர்ப்பரப்பை உருவாக்கியது. அருகே பூங்காவும் படகுச் சங்கமும் தோன்றின. எனினும், நகர் வளர வளரக் கழிவுநீர் பெருகி, ஆகாயத்தாமரை படர்ந்தது; ஆற்றின் பொலிவு குன்றியது. இதே ஆற்றின் மேற்பகுதியில் அமைந்த கடக்வாஸ்லா ஏரிக்கு இந்த அனுபவம் ஓர் எச்சரிக்கையாகும்.

இயற்கை அமைப்பு

புனேயிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், சிங்ககட் கோட்டை அமைந்த மலைத்தொடரின் அருகே முட்டா ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கடக்வாஸ்லா அணை 1879இல் நிறைவுற்றது. பைஃப் என்ற இராணுவப் பொறியாளரின் பெயரால் இது பைஃப் ஏரி எனவும் வழங்கப்பட்டது. புனே நகரில் ஆண்டு மழையளவு சுமார் 700 மி.மீ. மட்டுமே. மேற்கே சஹ்யாத்ரி மலைமுகட்டிலோ தென்மேற்குப் பருவமழை இதைப்போல் பல மடங்கு பொழிகிறது. அந்த நீரே ஏரியை நிரப்புகிறது.

ஏரியின் கொள்ளளவு சுமார் 200 கோடி கன அடி. இதற்கு மேலே பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் ஆகிய அணைகள் உள்ளன. நான்கும் சேர்ந்து சுமார் 2,900 கோடி கன அடி நீரைத் தேக்க வல்லவை. கொள்ளளவில் கடக்வாஸ்லா சிறியதே. ஆயினும், மேலணைகளின் நீர் இதன் வழியாகவே நகருக்கும், இந்தாப்பூர் வரை செல்லும் கால்வாய்ப் பாசனத்திற்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

பொறியியல் வரலாறு

அணையின் உயரத்தைக் கூட்டாமலேயே கூடுதல் நீரைத் தேக்கும் பொருட்டு, விசுவேசுவரய்யா வடிவமைத்த தானியங்கி மதகுகள் 1903இல் இங்கு பொருத்தப்பட்டன. நீர்மட்டம் வரம்பு மீறினால் அவை தாமே திறக்கும். தணிந்ததும் தாமே மூடிக்கொள்ளும். 1961 ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்தது. அவ்வெள்ளத்தைத் தாங்காது கடக்வாஸ்லா அணையும் உடைய, புனே நகரின் பெரும் பகுதி நீரில் மூழ்கியது. வெள்ளம் வடிந்தபின் நகரம் குடிநீரின்றித் தவித்தது. அணை பின்னர் செப்பனிடப்பட்டது.

பொழுதுபோக்கும் பொறுப்பும்

ஏரிக்கரையில் அமைந்துள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் பயிற்சி மாணவர்கள் இந்நீரில் பாய்மரப் படகு செலுத்தப் பயில்கின்றனர். விடுமுறை நாட்களிலும் மழைக்காலத்திலும் அணையை ஒட்டிய சாலையில் மக்கள் திரள்கின்றனர். சுட்ட மக்காச்சோளமும் வெங்காய பஜ்ஜியும் விற்போருக்கு அது பிழைப்பளிக்கிறது.

இம்மகிழ்ச்சியைத் தடை செய்வது தீர்வாகாது, வகைப்படுத்துவதே தேவை. துடுப்புப் படகு, பாய்மரப் படகு, நடைப்பயிற்சி, பறவை நோக்குதல் போன்றவை நீரின் தூய்மைக்குப் பெரிதும் ஊறு செய்வதில்லை. கரையில் வாகனங்களைக் கழுவுதல், குப்பை கொட்டுதல், சுத்திகரிக்கப்படாத கழிவுநீரை விடுதல் ஆகியவை குடிநீரையே கெடுப்பன. ஏரியின் பயனைப் பலரும் துய்க்கின்றனர். அதைப் பேணும் செலவையோ எவரும் தம்முடையதாகக் கருதுவதில்லை. பொதுச் சொத்துகள் அனைத்திற்கும் பொதுவான இக்குறையை நீக்க, கரையோரக் கிராமங்களுக்குக் கழிவுநீர் வசதியும், வியாபாரிகளுக்கு உரிய இடமும், குப்பை அகற்றும் ஏற்பாடும் ஒருங்கே அமைய வேண்டும்.

கீழே ஏரவாடாவில் இழந்ததை மீட்கப் பெரும் பொருட்செலவு தேவை. மேலே கடக்வாஸ்லாவில் உள்ளதைக் காக்க ஆகும் செலவு அதனினும் சிறிதே.