பள்ளிகொண்டாபட்டும் வல்லாள மன்னனும்

திருவண்ணாமலைக்கு அருகே கௌதம நதிக்கரையில் பள்ளிகொண்டாபட்டு என்னும் சிற்றூர் உளது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் இவ்வூருக்கு எழுந்தருளி, வல்லாள மகாராஜனுக்கு மகன் ஸ்தானத்தில் நின்று திதி கொடுப்பது வழக்கம். மன்னனுக்குப் பிள்ளையில்லை என்பது புராணம் கூறும் காரணம்.

சரித்திரத்தில் இவன் ஹொய்சள வேந்தனாகிய மூன்றாம் வீரவல்லாளன். கன்னட நாட்டிலிருந்த அவன் தலைநகராகிய துவாரசமுத்திரத்தை 1311இல் மாலிக் கபூரும், பின்னர் துக்ளக்கின் சேனைகளும் தாக்கவே, 1328ஆம் ஆண்டளவில் அவன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கினான். ஏன் இவ்வூர்? நிலப்படத்தை நோக்குவார்க்கு விடை எளிது. மேற்கே மலைநாட்டிலிருந்து ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் கணவாய் வழியாக இறங்குவோரை எதிர்கொள்வது, சமவெளியில் தனித்து நிற்கும் இம்மலையே. 1767இல் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயருடன் பொருததும் இவ்வழியிலேதான்.

முதிர்ந்த வயதில் மதுரை சுல்தானுடன் போரிட்ட வல்லாளன், 1342இல் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். அவனது தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாம் கண்டதாக இபின் பதூதா எழுதுகிறார். அத்தகைய சாவில் மகன் செய்யும் ஈமக்கடனுக்கு இடமேது?

மகன் இருக்கவே செய்தான். நான்காம் வல்லாளன் 1343இல் பட்டமேற்றான். மூன்றாண்டுகளுக்குள் அவன் பெயரும் மறைந்தது, நாடு விஜயநகரத்தார் வசமாயிற்று. ஆதலின் புராணத்தைப் பிழையென்று தள்ள நாம் விரும்பவில்லை. கடன் கழிக்க வேண்டிய குலமே இல்லாதொழிந்த பின்னர், ஊரார் அவனைப் பிள்ளையற்றவனாகவே நினைவில் வைத்தனர் போலும்.