வேனுக்குள் ஒரு அடுப்பு

வேனில் தண்ணீர் சுடவைத்து ஜன்னல் துடைக்கும் எவரிடமும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஹீட்டரின் புகை எந்த வழியாக வெளியே போகிறது? “பின் கதவைத் திறந்தே வைத்திருப்போம்” என்று பதில் வந்தால் அந்த ஹீட்டரை அங்கேயே அணைத்துவிட வேண்டும். கதவு காற்றில் சாத்திக்கொள்ளும். மழை வந்தால் நாமே சாத்திவிடுவோம்.

பிரிட்டனில் ஜன்னல் துடைப்பவர்கள் பலர் ஏணியை விட்டு இறங்கி வெகு காலமாகிறது. தரையில் நின்றே முடிக்கக்கூடிய வேலைக்கு உயரத்தில் ஏறக் கூடாது என்பதுதான் அங்கே 2005இல் வந்த விதிகளின் சாரம். அதனால் வேனுக்குள் ஒரு தொட்டி, பம்பு, நீண்ட ஹோஸ், அதன் முனையில் பிரஷ் பூட்டிய கம்பம் என்று தொழிலே மாறிவிட்டது. தொட்டியில் இருப்பது உப்புகளை வடிகட்டி நீக்கிய சுத்த நீர். துணியால் துடைக்காமல் விட்டாலும் கறை இல்லாமல் உலர்ந்துவிடும்.

குளிர்காலத்தில் ஹோஸ் விறைத்துக் குச்சிபோல நிற்கும். நனைந்த கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போகும். வெந்நீர் ஓடினால் ஹோஸ் இளகும், பறவை எச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் சீக்கிரம் விடும். எனவே வெந்நீர் கேட்பதை யாரும் சொகுசு என்று சொல்லிவிட வேண்டாம். அதே சமயம் சுத்த நீர் குளிர்ந்திருந்தாலும் கண்ணாடியைத் துடைக்கும். ஹீட்டரில் சந்தேகம் வந்தால் அதை அணைத்துவிட்டு, பெரும்பாலான நாட்களில் வேலையை முடித்துவிடலாம்.

சூடாக்கும் வழிகளில் எனக்கு அதிகம் பயம் தருவது கேஸ். திறந்தவெளியில் குளிப்பதற்காகச் செய்யப்பட்ட கேஸ் கெய்சரை மலிவாக வாங்கி, வேனின் உள்சுவரில் திருகிவிடுகிறார்கள். சுற்றிலும் காற்றோட்டம் இருக்கும் என்று நம்பிச் செய்த கருவி அது. மூடிய பெட்டிக்குள் எரியும்போது ஆக்சிஜன் குறையக் குறைய, எரிதல் அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்குவதால் சளிக்காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு, குளிருக்கு ஒதுங்க அதே வேனுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வேலைக்கு வந்தால் தலைவலி, வெளிக்காற்றில் நின்றால் தெளிவு என்றிருந்தால் அதைக் காய்ச்சல் கணக்கில் எழுதக் கூடாது.

சிலிண்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிலுள்ள எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் வேனின் தரையில் தேங்கும். ஆகவே காற்றுத் துளை கூரையில் மட்டும் இருந்தால் போதாது, தரையிலும் வேண்டும். சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிவைக்க வேண்டும், வண்டி ஓடும்போது வால்வை மூட வேண்டும். பொருத்தித் தருபவரிடம், கேஸ் வேலை செய்பவர்களுக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு அட்டையைக் கேட்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த வகை வேலைக்கு அவருக்குத் தகுதி இருக்கிறது என்பது அங்கேதான் எழுதியிருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கும்போது இஎன் 50291-2 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். கேரவன், படகு போன்றவற்றின் அதிர்வைத் தாங்குவதற்கான தரம் அது. வீட்டுக்கான சாதாரண அலாரம் இங்கே போதாது.

டீசல் ஹீட்டர் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருந்தால் இதைவிட நல்லது. 5 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 35 டிகிரி கூடுதலாகச் சூடாக்கிவிடும். வேலைக்கு அது தாராளம். எரிவதற்கான காற்று வேனுக்கு வெளியிலிருந்து வர வேண்டும், புகைக்குழாய் தரை வழியாக வெளியே போக வேண்டும், குழாயின் இணைப்பு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஐ.நா. வாகன விதி எண் 122இன்படி அங்கீகாரம் பெற்றதற்கான ‘ஈ’ முத்திரை ஹீட்டரில் இருக்கிறதா என்று தேடுங்கள். அணைக்கும்போது அதன் சுவிட்சில்தான் அணைக்க வேண்டும். உள்ளே சூடு ஆறும்வரை மின்விசிறி ஓடியாக வேண்டும்.

மூன்றாவது, இரவில் வீட்டு மின்சாரத்தில் தொட்டியைச் சுடவைப்பது. புகை இல்லாததால் இதை ஆபத்தே இல்லாத வழி என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 லிட்டர் தண்ணீரை 5 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுவர 16 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டர் ஐந்தரை மணி நேரம் ஓய்வில்லாமல் ஓட வேண்டும், எல்லோரும் தூங்கும் நேரத்தில். அது இழுக்கும் மின்னோட்டம் சுமார் 13 ஆம்பியர். பிரிட்டிஷ் பிளக்கின் உச்ச வரம்பே அதுதான். வீட்டிலிருந்து வேனுக்கு இழுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர் உருளையில் சுற்றியபடியே இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகித் தீப்பிடிக்கலாம். உருளையை முழுதும் பிரிப்பதைவிட, தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு வெளிப்புற இணைப்பைத் தனியாகப் போட்டு, மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி வைப்பதுதான் சரி. தண்ணீர் குறைந்தால் தானாக நிற்கும் அமைப்பும் வேண்டும். தண்ணீரில்லாமல் எரியும் ஹீட்டர் பிளாஸ்டிக் தொட்டியை உருக்கிவிடும்.

பலருக்குத் தோன்றாத ஒரு விஷயம் கிருமி. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா 20 முதல் 45 டிகிரிவரை உள்ள தண்ணீரில் செழிக்கும். நாம் கைக்கு இதமாக வைக்கும் சூடும் அதுவே. குழாய் நீரில் காவலுக்கு இருக்கும் குளோரினையும் வடிகட்டி எடுத்துவிட்டோம். பிரஷ் முனையில் தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பது துடைப்பவர்தான். தொட்டியை நாள் கணக்கில் வெதுவெதுப்பாக வைத்திருப்பதைவிட, ஓடும்போது மட்டும் சூடாக்குவது மேல். விடுமுறைக்குப் போகுமுன் தொட்டியையும் ஹோஸையும் வடித்துவிடுங்கள். 60 டிகிரிக்கு ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கவும் கூடாது. அந்தச் சூடு சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். உறைபனி மூடிய கண்ணாடியில் பட்டால் கண்ணாடி விரிசல் விடலாம்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 400 லிட்டர் என்றால் 400 கிலோ. சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய வேனுக்குப் பொதுவாக மொத்தமே 3.5 டன்தான் வரம்பு. கட்டாத தொட்டி, திடீர் பிரேக்கில் ஓட்டுநரின் முதுகுக்கு வரும்.

வேன் முதலாளியுடையது என்றால் இதையெல்லாம் சரிபார்த்துத் தருவது அவருடைய கடமை. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 1974ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் அதை அவர் தோளில் வைத்திருக்கிறது. சட்டப்படி அவர் தர வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கவும் அதே சட்டம் தடை விதிக்கிறது. கடுமையான, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால் அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. 2021 மே 31 முதல் இந்தக் காப்பு ஊழியருக்கு மட்டுமல்ல, ‘வொர்க்கர்’ என்ற பரந்த வகையினருக்கும் உண்டு. நாள்கூலி போல அழைத்துப் போகப்படுபவர் ‘எனக்கென்ன உரிமை’ என்று ஒதுங்க வேண்டியதில்லை. மறுப்பைக் குறுஞ்செய்தியாகவாவது எழுதி அனுப்புங்கள். தண்டித்தால் முதலில் ‘ஏகாஸ்’ என்ற வேலைத் தகராறு சமரச அமைப்பை அணுக வேண்டும். கெடு சில மாதங்கள்தான். ஆபத்தான கருவி பற்றி எச்எஸ்இ என்ற அரசு பாதுகாப்பு அமைப்பிடமும் புகார் செய்யலாம்.

சொந்தமாகத் தொழில் செய்பவருக்கும் விலக்கு இல்லை. தெருவில் நிற்கும் வேன் மற்றவருக்கு ஆபத்தானால் சட்டம் அவரையும் பிடிக்கும். தொழிலுக்காக வாங்கிய ஹீட்டர் பழுதானால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் அவருக்கு உதவாது. 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் உதவும். பொருள் தரமாகவும் நோக்கத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்று விற்றவரிடம் கேட்கலாம். ஹீட்டர் பொருத்தியதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மறைத்த மாற்றம், தீப்பிடித்த பிறகு பணம் மறுக்கக் காரணமாகிவிடும்.

விபத்தில் ஊழியர் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வழக்கமான வேலைக்குப் போக முடியாமல் போனால், முதலாளி 15 நாளுக்குள் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். இழப்பீட்டு வழக்குக்கு பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் கார்பன் மோனாக்சைடு அவ்வளவு நாள் காத்திராது. நல்ல காற்றில் நின்றாலே நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். மறுநாள் எடுக்கும் பரிசோதனையில் தடயம்கூட இல்லாமல் போகலாம். ஆகவே வேனில் தலை சுற்றினால் ஹீட்டரை அணைத்து, வெளியே வந்து, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் “வேனுக்குள் கேஸ் ஹீட்டர் பக்கத்தில் வேலை செய்தேன்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.