மண் பாதையில் சோறு கிடைக்குமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும், எல்லோரையும் போல டர்போ சார்ஜர் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு வருஷமாக என் மனசில் ஒரு கேள்வி குத்திக்கொண்டே இருக்கிறது. அது என் அப்பா கேட்ட கேள்வி. அதற்குப் பதில் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் வாழப்பாடி. அப்பா விடிகாலையில் காய்கறி எடுத்து, மொபெட்டில் கூடை கட்டி, ஊர் ஊராகப் போய் விற்பவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். முதலாமாண்டு படிக்கும்போது ஒரு நண்பனின் போனில் சூப்பர்கிராஸ் பந்தயம் பார்த்தேன். பைக்குகள் மண்மேட்டிலிருந்து காகம் மாதிரிப் பறக்கின்றன! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவின் மொபெட்டை வறண்ட ஏரிக்குள் ஓட்டிப்போய், ஒரு மண்மேட்டில் ஏற்றிக் குதித்தேன். எனக்கு முழங்கை சிராய்ப்பு. வண்டிக்கு முன் ஃபோர்க் வளைந்துவிட்டது.

ஒன்பது நாள் அப்பா பக்கத்து வீட்டு சைக்கிளில் கூடையைக் கட்டித் தள்ளிக்கொண்டே போய் வியாபாரம் செய்தார். என் பரீட்சைக்கு வைத்திருந்த பணம் மெக்கானிக் கடைக்குப் போயிற்று. அப்பா என்னை அடிக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும் கேட்டார்: "ஏந்தம்பி, டிவியில அப்படிக் குதிக்கிறாங்களே, அந்த வேலையில சோறு கெடைக்குமா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

பந்தயம் பிறந்த கதை

1924-இல் இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற இடத்தில் மேடு பள்ளத்தில் பைக் ஓட்டும் பந்தயம் ஒன்று நடந்தது. 'ஸ்க்ராம்பிள்' என்றார்கள். மோட்டோகிராஸின் தொடக்கம் அதுதான். திறந்த வெளியில், இயற்கையான மண்ணில் நடப்பது மோட்டோகிராஸ். அதையே ஸ்டேடியத்துக்குள் லாரி லாரியாக மண் கொட்டி, செயற்கை மேடுகள் கட்டி நடத்தினால் சூப்பர்கிராஸ். 1972-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் மைதானத்தில் நடந்த பந்தயத்திலிருந்து இது பிரபலமானது. அதில் ஜெயித்த மார்ட்டி ட்ரைப்ஸுக்கு வயது 16. நாம் முதலாமாண்டு சேரும் வயசு!

80 சென்டிமீட்டரும் 3 மீட்டரும்

பந்தய பைக்குக்கு ஹெட்லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, ஸ்பீடோமீட்டர் கிடையாது. 450 சிசி வண்டியின் எடை சுமார் 110 கிலோதான். சக்தியோ 50 குதிரைத் திறனுக்கு மேல். நம்ம ஊர் மொபெட் 4 குதிரைத் திறன் சொச்சம் என்பதை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் பராமரிப்பைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை. இத்தனை மணி நேரம் ஓடியதா, பிஸ்டனை மாற்று என்று மணிக்கணக்குதான்.

முக்கியமான சங்கதி சஸ்பென்ஷன். இந்த வண்டிகளின் ஃபோர்க் சுமார் 30 சென்டிமீட்டர் உள்ளே அமுங்கும். நம் மெக்கானிக்ஸ் பாடத்தை வைத்தே கணக்குப் போடலாம். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டியை 30 சென்டிமீட்டர் அமுக்கத்தில் நிறுத்த வேண்டுமானால், விழும் உயரத்தை அமுக்கத்தால் வகுத்து ஒன்று கூட்ட வேண்டும். அதாவது எடையைப் போல் சராசரியாக 11 மடங்கு விசை.

இப்போது என் கதைக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேல் வைத்து அளந்தேன். மொபெட் ஃபோர்க் அமுங்குவது ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். நான் விழுந்தது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் அதே 11 மடங்கு! ஆக, அவர்கள் 3 மீட்டரிலிருந்து விழுவதும் நான் இடுப்பளவிலிருந்து விழுந்ததும் ஒன்றுதான். அவர்கள் வண்டி அதைத் தாங்கவென்றே செய்யப்பட்டது. அப்பாவின் மொபெட் கத்திரிக்காய் சுமக்கச் செய்யப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. வீரர்கள் சமதரையில் இறங்குவதில்லை. மேட்டின் மறுபக்கச் சரிவில், சரிவோடு சரிவாக இறங்குகிறார்கள். அப்போது விசை வெகுவாகக் குறைந்துவிடும். பார்ப்பதற்குத் துணிச்சல் போலத் தெரிவதில் பாதிக்குமேல் கணக்குதான், நண்பர்களே!

உடம்புதான் முதலீடு

உலக மோட்டோகிராஸ் போட்டியில் ஒரு நாளில் இரண்டு ஓட்டங்கள். ஒவ்வொன்றும் 30 நிமிடமும் அதற்கு மேல் 2 சுற்றும். அவ்வளவு நேரமும் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 180-ஐ ஒட்டியே இருக்கும். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் ஓட்டுவார்கள். கைத் தசை இறுகி, பிரேக் பிடிக்கவே முடியாமல் போவதும் உண்டு. அமெரிக்க சூப்பர்கிராஸில் ஜனவரியிலிருந்து மே வரை 17 பந்தயங்கள். கழுத்துப்பட்டை எலும்பு முறிவது அங்கே சாதாரணம்.

ஜெரெமி மெக்ராத் 1993 முதல் 2000 வரை 7 முறை சூப்பர்கிராஸ் சாம்பியன். ஆனால் எல்லோருக்கும் அவ்வளவு காலம் கிடைக்காது. தொடர்ந்து 4 முறை சாம்பியனான ரயன் வில்லபோட்டோ 2015-இல் காயத்தோடு ஓய்வு பெற்றபோது வயது 26தான். நம் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பிக்கும் வயதில் அவருக்கு ரிடையர்மென்ட்!

டக் ஹென்றி என்பவருக்கு 1995-இல் முதுகெலும்பு முறிந்தது. மீண்டு வந்து, 1997-இல் லாஸ் வேகாஸில் யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் சோதனை வண்டியில் ஜெயித்தார். டூ ஸ்ட்ரோக்கே ராஜாவாக இருந்த களத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் காலம் தொடங்கியது அந்த வெற்றியால்தான். அதே மனிதருக்கு 2007-இல் பனி வண்டிப் பந்தயத்தில் மறுபடி அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுசாகும்.

நம்ம பக்கத்து ஆட்கள்

இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ்.சந்தோஷ் தேசிய மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் களத்தில் வளர்ந்து சாம்பியனானவர். 2013-இல் அபுதாபி பாலைவனப் பந்தயத்தில் அவர் வண்டியே தீப்பற்றி, தீக்காயம் பட்டது. ஆனாலும் விடவில்லை. 2015-இல் அர்ஜென்டினா, சிலி, பொலிவியா வழியாகச் சுமார் 9,000 கிலோமீட்டர் ஓடும் டக்கார் ராலியை முடித்தார். அதை முடித்த முதல் இந்தியர் அவரே. கிடைத்த இடம் 36. முதலிடம் இல்லையே என்கிறீர்களா? அந்தப் பந்தயத்தில் கடைசிவரை போய்ச் சேருவதே ஒரு வெற்றி. 2017-இலும் 2018-இலும் மறுபடி முடித்தார்.

2021 ஜனவரியில் சவுதி அரேபியப் பாலைவனத்தில் விழுந்து தலையில் பலத்த அடி. மருத்துவர்கள் மருந்து கொடுத்து மயக்க நிலையில் வைத்திருந்து காப்பாற்றினார்கள். தேறி வந்தவர், கோலார் பக்கம் தாம் அமைத்த பிக்ராக் பயிற்சி மைதானத்தில் இளைஞர்களைத் தயார் செய்தார். 2024-இல் நடந்த முதல் இந்திய சூப்பர்கிராஸ் லீக்கில் பிக்ராக் அணிதான் சாம்பியன்.

கேரளாவில் ஷொர்ணூர் பக்கத்து ஹரித் நோவா 5 முறை தேசிய சூப்பர்கிராஸ் சாம்பியன். 2024 டக்காரில் மொத்தத்தில் 11-ஆவது இடம்; ராலி 2 பிரிவில் முதலிடம். பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018-இல் ஸ்பெயினில் விழுந்து கணையத்தில் அடிபட்டு, 2019-இல் பெண்கள் பிரிவில் பாஹா உலகக் கோப்பையை வென்றார். இந்த இருவரும் ஓட்டியது டிவிஎஸ் ரேசிங் அணிக்காக. 1982-இல் தொடங்கிய அந்த அணியின் ஊர் எது தெரியுமா? ஓசூர்! நம் சேலத்திலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரம்தான்.

சரி, சோறு?

இந்த வாழ்க்கையில் வருமானம் எங்கிருந்து வருகிறது? கம்பெனி அணியில் சேர்ந்தால் சம்பளமும் வண்டியும் மெக்கானிக்கும் கிடைக்கும். சேராதவர்கள் சொந்தச் செலவில் ஓட்ட வேண்டும்: வண்டி, டயர், ஹெல்மெட், பூட்ஸ், போக்குவரத்து, ஆஸ்பத்திரி எல்லாமே கைக்காசு. வெளிநாட்டு வண்டி என்றால் இறக்குமதி வரி வேறு. பரிசுப் பணம் அதற்குப் பத்தாது. விளம்பரதாரர் கிடைத்தால் பிழைப்பு. பிறகு பயிற்சி கொடுத்துச் சம்பாதிக்கலாம். அமெரிக்காவில் நாலைந்து வயசிலேயே பிள்ளையைச் சின்ன பைக்கில் உட்கார வைக்கிறார்கள். அதற்கு வசதியுள்ள அப்பா வேண்டும். 18 வயதில், கூடை கட்டிய மொபெட்டோடு, அந்த வரிசையில் நான் ரொம்பப் பின்னால் நிற்கிறேன். இதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் தேடும்போது இன்னொன்றைக் கண்டேன். ஓட்டுபவர் ஒருவர். அவருக்குப் பின்னால் ஃபோர்க்கில் எண்ணெய் அளவு பார்ப்பவர், ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பவர், எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பவர், ஃபிரேம் வெல்டிங்கைச் சோதிப்பவர் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. வீரர் 11 மடங்கு விசையோடு இறங்கும்போது அவர் உயிர் இவர்கள் முறுக்கிய நட்டில் இருக்கிறது. அந்த வேலைக்குப் பரம்பரைச் சொத்து வேண்டாம், நண்பர்களே. நம் ஒர்க்‌ஷாப்பில் தினமும் தொடுகிற ஸ்பானரும் மைக்ரோமீட்டரும் அங்கே போகிற வழிதான்.

கடைசியாக ஒன்று. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ராத்திரி ரேஸ் விடும் நம் தோழர்களுக்குச் சொல்கிறேன். உண்மையான வீரர் பாதுகாப்புக் கவசம் இல்லாமல், ஆம்புலன்ஸ் நிற்காமல், எதிரே லாரி வரும் ரோட்டில் ஓட்டுவதில்லை. ஆசை இருந்தால் முறையாக இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கக் கூட்டமைப்பின் உரிமம் எடுத்து, மைதானத்தில் ஓட்டுங்கள்.

போன வாரம் இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கணக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். "அப்ப நீ மறுக்கா குதிச்சாலும் உடையாத மாதிரி ஒரு ஃபோர்க்கு செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும்ப்பா, படிச்சா முடியும்" என்றேன்.

"அப்படின்னா சோறு கெடைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூடை கட்டப் போய்விட்டார்.

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை