புகார் நோட்டு உங்களுடையது, சாவி யாரிடம்?

பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். இடம் இங்கே, சாவி அங்கே! பக் ட்ராக்கிங் சாப்ட்வேர் வாங்கும்போதும் இதே விஷயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான்கு பேர் சேர்ந்து பில்லிங் சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறீர்கள். "பிரிண்ட் வரவில்லை" என்று கடைக்காரர் போன் செய்கிறார். யார் சொன்னது, யார் பார்க்கிறார், முடிந்ததா என்று ஒவ்வொரு புகாருக்கும் எண் போட்டு வைப்பதே இந்த சாப்ட்வேரின் வேலை.

2002-ல் வந்த ஜிரா இதில் பெரிய பெயர். 10 பேர் வரை 10 டாலருக்குக் கிடைத்த சர்வர் லைசென்ஸை வாங்கி, சிறிய குழுக்கள் தங்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொண்டன. 2021 பிப்ரவரியில் அதன் விற்பனை நின்றது. 2024 பிப்ரவரி 15-ல் சப்போர்ட்டும் நின்றது. சாப்ட்வேர் ஓடும், ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. 10 பேருக்குள் என்றால் கிளவுட் பதிப்பு இலவசம்தான், ஆனால் நோட்டு அவர்கள் சர்வரில்!

ஓப்பன் சோர்ஸில் பக்சில்லா, ரெட்மைன், மான்டிஸ் என்று பல உண்டு. சிறிய குழுவுக்கு என் ஓட்டு மான்டிஸுக்கு. பி.எச்.பி.யும் மைஎஸ்க்யூஎல்லும் இருந்தால் போதும். இன்ஸ்டால் செய்ததும் அட்மின் போல்டரை நீக்குங்கள். Administrator என்ற கணக்கின் பாஸ்வேர்டு 'ரூட்' என்றே வருவதால் உடனே மாற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

இலவசம் என்றால் வேலை இல்லை என்று அர்த்தமல்ல. பேக்கப், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில்தான். ஓப்பன் சோர்ஸையே தொழிலாகக் கொண்ட ரெட் ஹாட்கூட 2023-ல் தன் லினக்ஸ் புகார்களை பக்சில்லாவிலிருந்து ஜிராவுக்கு மாற்றியது. சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் காசு கொடுத்து வாங்குவதில் தப்பே இல்லை.

எதை எடுத்தாலும், முதல் நாளே ஸ்கிரீன்ஷாட்டோடு ஐந்து பொய்ப் புகார்களைப் போட்டு, சி.எஸ்.வி. ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். எழுத்துகள் வரும்; படங்கள் அந்த ஃபைலுக்குள் வராது. அவற்றை எப்படி எடுப்பது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். எக்செல்லில் தமிழ் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இம்போர்ட்டில் 'யூ.டி.எஃப்-8' என்று தேர்ந்தெடுங்கள்.